குடுமியான்மலையில் ஒரு பாடப்புத்தகம்

புதுக்கோட்டையிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை. மலைச்சரிவில் மேலைக்கோயில் என்ற குகைக்கோயில். அதையொட்டிய பாறையில், ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே, கிரந்த எழுத்தில் வரிசை வரிசையாகச் சுரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. எழுத்தமைதியை வைத்து ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு பண்ணுக்கு. முதல்முறை பார்ப்பவருக்கு அது ஒரு கல்வெட்டாகவே தெரியாது. யாரோ கட்டம் போட்டு வாய்ப்பாடு எழுதி வைத்த மாதிரி இருக்கும்.

சொல்லப்போனால் அது வாய்ப்பாடுதான். கடைசி வரிகளில், ருத்ராசாரியரின் மாணவனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று வருகிறது. தானம் கொடுத்தது, போர் வென்றது, வரி நீக்கியது என்று எதுவும் இல்லை. மாணவர்களுக்காக என்று தன்னையே அறிவித்துக்கொள்ளும் கல்வெட்டு. கீழே தமிழில் ஒரு சிறு குறிப்பும் உண்டு: எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்று. சமஸ்கிருதப் பாடத்தின் அடியில் தமிழில் ஒரு பயன்பாட்டுக் குறிப்பு.

இன்றைக்கு இப்படி ஒன்றைச் செய்தால் அதற்கு ‘திறந்த கல்வி வளம்’ என்று பெயர். 2002இல் யுனெஸ்கோ நடத்திய ஒரு கூட்டத்தில் பிறந்த சொல் அது. எவரும் பார்க்கலாம், படியெடுக்கலாம், வைத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற அனுமதியோடு வெளியிடப்படும் பாடநூல்கள், குறிப்புகள், காணொளிகள் எல்லாம் அதில் அடக்கம்.

ஆனால் குடுமியான்மலைப் பாடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை எப்படிப் பாடுவது, எப்படி வாசிப்பது என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ‘ச’ என்ற ஒரு சுரமே ச, சி, சு, செ என்று நான்கு உயிரெழுத்துகளோடு வருகிறது. அந்த வேறுபாடு எதைக் குறிக்கிறது என்பதில் நூறாண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கல் அழியவில்லை. எழுத்து அழியவில்லை. கையைப் பிடித்து ‘இப்படி மீட்டணும்’ என்று சொல்லித்தந்த வரிசை எங்கேயோ அறுந்துவிட்டது.

நம் பல்கலைக்கழக நூலகங்கள் திறந்த கல்வி வளங்களைக் கையாளும் முறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாறைதான் ஞாபகம் வருகிறது. வெட்டி வைத்தாயிற்று, இனி படிப்பவர் பாடு.

*

2006இல் பொறியியல் சேர்ந்தபோது எங்கள் கல்லூரி நூலகத்தில் ‘டிஜிட்டல் லைப்ரரி’ என்று ஓர் அறை இருந்தது. பலகை இருந்தது, ஏசி இருந்தது, பூட்டு இருந்தது. ஆய்வுக்குழு வரும்போது திறப்பார்கள். அரசின் உதவியோடு ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்பிடெல் காணொளிகள் அப்போதே வந்திருந்தன. அவை எங்களுக்கு நூலகம் வழியாக வரவில்லை. திருச்சியில் படித்த ஒரு சீனியரின் ஹார்ட் டிஸ்க் வழியாக வந்தன. பாடப்புத்தகம் என்பது ‘லோக்கல் ஆத்தர்’. அதுவும் முழுப்புத்தகம் இல்லை, யூனிட் வாரியாக ஜெராக்ஸ். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு எங்கள் பாடத்திட்டம் எங்கள் நூலகரைவிட நன்றாகத் தெரியும். “தம்பி, நாலாவது யூனிட்டுல அந்தப் பழைய நோட்ஸ் வேணாம், சிலபஸ் மாறிடுச்சு” என்று அவர்தான் சொல்வார். தேவையை அறிந்து, சரியான பிரதியைத் தேடி எடுத்து, உரியவரிடம் சேர்ப்பதுதான் நூலகரின் வேலை என்றால், எங்கள் ஊரில் அதைச் செய்தவர் அவர்.

இருபது வருடம் கழித்துப் பெரிதாக என்ன மாறியிருக்கிறது? என் அக்கா மகள் எங்கள் மாவட்டத்திலேயே ஒரு கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் வழி. போன வருடம் ஒருநாள் வாட்ஸப்பில் கேட்டாள்: “மாமா, இந்த புக்கு பிடிஎஃப் இருக்கா? லைப்ரரில ரெண்டே காப்பிதான், ரெண்டும் மேம்கிட்ட இருக்கு.” நான் ஐந்து நிமிடத்தில் அனுப்பினேன். எங்கிருந்து எடுத்தேன் என்று உங்களுக்கே தெரியும். நீங்களும் அங்கிருந்துதான் எடுக்கிறீர்கள்.

அனுப்பிய பிறகுதான் உறுத்தியது. நான் எழுதும் மென்பொருளில் ஒவ்வொரு நிரல்தொகுப்பும் எந்த உரிமத்தில் வந்தது என்று சரிபார்க்காமல் ஒரு வரிகூட வெளியே போகாது. அவ்வளவு கறாராக இருப்பவன், வீட்டுப்பிள்ளைக்குப் புத்தகம் என்று வரும்போது திருட்டுப் பிரதியை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறேன். அவளுக்கும் அதில் தவறு எதுவும் தெரியவில்லை. ‘நெட்டுல இருக்கு’ என்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே உரிமம்.

அதே பாடத்துக்கு அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து இயங்கும் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட ‘யுனிவர்சிட்டி ஃபிசிக்ஸ்’ மூன்று தொகுதிகள் இணையத்தில் இருக்கின்றன. சட்டப்படி இலவசம். ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டால் போதும், படியெடுக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். எனக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியாது. அவளுடைய நூலகம் அதை அவளிடம் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையின் குற்றச்சாட்டு இவ்வளவுதான்.

*

‘எங்க வெப்சைட்ல இ-ரிசோர்ஸ் பேஜ் இருக்கே’ என்று நூலகத் தரப்பில் சொல்வார்கள். இருக்கிறது. தேசிய மின்னூலகம், ஷோத்கங்கா, என்பிடெல் என்று இலச்சினைகள் வரிசையாக இருக்கும். சொடுக்கினால் முகப்புப் பக்கத்துக்குப் போகும். ‘இரண்டாம் பருவம், மூன்றாம் அலகு, அலைவுகள்’ என்று தேடி வருகிற பிள்ளைக்கு அந்த முகப்புப் பக்கத்தில் செய்ய ஒன்றுமில்லை. இலச்சினை வரிசை ஆய்வுக்குழுவுக்காகப் போட்டது. பூட்டிய ஏசி அறையின் இணைய வடிவம்.

இதைவிட அடிப்படையான குழப்பம் ஒன்று உண்டு. இலவசமும் திறப்பும் ஒன்றல்ல. மென்பொருள்காரர்கள் இதற்காக முப்பது, நாற்பது வருடம் வாதாடியிருக்கிறார்கள். காசில்லாமல் தரவிறக்கக் கிடைக்கும் மென்பொருள் வேறு, மூலநிரலோடு கிடைத்து நீங்கள் திருத்தி மீண்டும் வெளியிடக்கூடியது வேறு. முதலாவது கொடுப்பவரின் தயவு. நாளை அவர் நிறுத்தினால் முடிந்தது. இரண்டாவது உங்கள் கைக்கு வந்துவிட்ட பொருள், பிடுங்க முடியாது.

ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தை இந்த அளவுகோலால் பாருங்கள். 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300 அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு. சிறு ஊர்க் கல்லூரியில் ஆராய்ச்சி செய்பவருக்கு இது பெரிய கதவு, மறுக்கவில்லை. ஆனால் இது வாடகை. சந்தா நின்றால் கதவு மூடும். தவிர, என் அக்கா மகளுக்கு வேண்டியது ஆய்விதழ் இல்லை, பாடப்புத்தகம். அவள் படிக்கிற இளங்கலை வகுப்புக்குத் தமிழில் திறந்த பாடநூல் எழுத யார் பணம் ஒதுக்குகிறார்கள்? வாடகைக்கு ஒதுக்குவதில் ஒரு துளியைச் சொந்தமாகக் கட்டுவதற்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் யார்? பதிப்பாளர் கேட்கமாட்டார். மாணவருக்குக் கேட்கத் தெரியாது. பேராசிரியர்களுக்கு வேறு ஆயிரம் தலைவலி. ஒவ்வொரு வருடமும் புத்தக பட்ஜெட்டில் எது எவ்வளவுக்கு விலை ஏறியது, எந்தப் புத்தகத்தை எத்தனை பேர் கேட்டுக் கிடைக்காமல் திரும்பினார்கள் என்று பதிவேட்டோடு சொல்லக்கூடிய ஒரே ஆள் நூலகர்.

நூலகங்கள் இதற்காகப் பரிந்து பேச முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் பல்கலைக்கழக நூலகம் 2011இல் ஒரு சிறிய காரியம் செய்தது. விலைகூடிய பாடப்புத்தகத்தைக் கைவிட்டு, திறந்த வளங்களையோ நூலகத்தில் ஏற்கெனவே இருப்பவற்றையோ வைத்துப் பாடம் நடத்த முன்வரும் ஆசிரியருக்கு 1,000 டாலர் அளவில் மானியம். அதோடு நூலகர் ஒருவர் கூட உட்கார்ந்து தேடிக்கொடுப்பார். பணம் ஒரு சாக்குதான். ஆசிரியரும் நூலகரும் ஒரே மேசையில் பாடத்திட்டத்தை நடுவில் வைத்துப் பேசினார்கள் என்பதுதான் அதில் நடந்த விஷயம். நம் ஊரில் பாடத்திட்டக் குழு கூடும்போது நூலகரைக் கூப்பிடுவதை நான் கேள்விப்பட்டதே இல்லை. ‘பார்வை நூல்கள்’ என்று பாடத்திட்டத்தின் கடைசியில் ஐந்து புத்தகங்களைப் போடுவார்கள். அவற்றில் எத்தனை அச்சில் இருக்கின்றன, எத்தனை அந்தக் கல்லூரி அலமாரியில் இருக்கின்றன என்று யாரும் பார்ப்பதில்லை.

*

‘ஓப்பன் ஆக்சஸ்’ என்ற சொல் இணையத்துக்கு முன்பே நூலகத்தில் இருந்தது. அலமாரியைப் பூட்டாமல், வாசகரே உள்ளே போய் எடுத்துப் பார்க்கவிடுவதற்குப் பெயர் அது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். கணிதப் பேராசிரியர் வேலையிலிருந்து வந்தவர். அலமாரிகளைத் திறந்துவிட்டவர். 1931இல் அவர் வகுத்து வெளியிட்ட ஐந்து விதிகளை நூலகவியல் படிக்கும் யாரும் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். இரண்டாவது விதியின்படி வாசகர் நூலைத் தேடி வருகிறார். மூன்றாவது விதியில் நூல் வாசகரைத் தேடிப் போகவேண்டும். அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூலகம் கிளம்பியது. அதைத் தொடங்கிவைத்தவரும் ரங்கநாதன்தான்.

திறந்த கல்வி வளத்துக்காக நூலகம் வாதாடுவது என்பது இந்த மூன்றாவது விதியைக் கடைப்பிடிப்பது மட்டுமே. புதிய கொள்கை எதுவும் வேண்டாம். ‘ஓப்பன்’ என்ற சொல்லை நமக்குச் சொல்லித்தந்த தொழிலே இன்று அதன் அடுத்த பொருளைக் கற்றுக்கொள்ளத் தயங்குகிறது.

நூல் வாசகரைத் தேடிப் போனால் என்ன நடக்கும் என்று புதுக்கோட்டைக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். என் அம்மா வயதுப் பெண்கள் கல்குவாரியில் வேலை முடித்துவிட்டுத் தெருவிளக்கில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். பாடம் அ, ஆ என்று தொடங்கவில்லை. அன்றாடம் அவர்கள் வாயில் புழங்கும் சொற்களிலிருந்து தொடங்கியது. சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்ல, அதே ஊர்ப் பையன்களும் பெண்களும். பாட்டும் நாடகமும் ஊர் ஊராகப் போயின. அதோடு சைக்கிள். பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வது எழுத்தறிவின் ஒரு பாகம் என்று யாருக்கோ தோன்றியது. லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று பி.சாய்நாத் எழுதினார். எங்கள் ஊரில் இன்றும் அறுபது வயதுப் பெரியம்மா ஒருவர் லேடீஸ் சைக்கிளில் ரேஷன் கடைக்குப் போகிறார். யாராவது வியந்தால், “அறிவொளில கத்துக்கிட்டதுடா” என்பார், ஏதோ காலேஜ் பெயரைச் சொல்கிற மாதிரி.

அறிவொளியின் எல்லாமே வென்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். இயக்கம் ஓய்ந்தபிறகு கற்ற எழுத்தை மறந்தவர்களும் உண்டு. தொடர்ந்து படிக்கப் புத்தகம் வரவில்லை. ஆனால் அந்த இரண்டு மூன்று வருடங்களில் இந்த மாவட்டம் ஒன்றை நிரூபித்தது. பாடத்தை அச்சடித்து அடுக்கி வைத்துவிட்டு வரச்சொல்லிக் காத்திருக்கவில்லை. பாடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், எதிரில் இருப்பவருக்கு ஏற்றபடி மாற்றினார்கள். திறந்த கல்வி வளத்தின் இரண்டு பாதியும் அதில் இருந்தன. கொண்டுபோவது, மாற்றுவது.

இந்த மாவட்டத்திலேயே இன்னொரு பாடமும் உண்டு. திருக்கோகர்ணத்தில் பா.கிருஷ்ணமூர்த்தியும் அவர் மனைவி டோரதியும் வாழ்நாள் சம்பாத்தியத்தில் உருவாக்கிய ஞானாலயா. லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள், அரிய முதல் பதிப்புகள். பல்கலைக்கழகங்களிலிருந்து ஆய்வு மாணவர்கள் இங்கே வருகிறார்கள். பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கோ சென்னைக்கோ நாம் போகவேண்டும் என்ற திசை இங்கே தலைகீழாகிறது. போய்வந்தவர்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: தேடிப் போன புத்தகத்தோடு தேடாத இன்னொன்றையும் எடுத்துக் கையில் வைத்தார்கள் என்று. ஆயிரம் இலச்சினைகள் இருக்கும் இணையப் பக்கத்தில் இல்லாதது இதுதான்.

*

தமிழில் உயர்கல்விப் பாடநூலே இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மை. 1970களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரி மாணவர்களுக்கென்று நூற்றுக்கணக்கில் நூல்களை வெளியிட்டது. இயற்பியல், வேதியியல், நிலவியல், பொருளியல், உளவியல் என்று. பல நூல்களின் தமிழ் இன்றும் தெளிவாக இருக்கிறது. பிறகு அவை அச்சில் இல்லாமல் போயின. இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவற்றைப் பார்க்க முடிகிறது. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவை பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். ஒரு கலைச்சொல் மாறிவிட்டது, ஓர் எடுத்துக்காட்டு காலாவதியாகிவிட்டது, ஒரு புதிய அத்தியாயம் வேண்டும் என்றால், படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கல்வெட்டை மைப்படி எடுத்த மாதிரி இருக்கிறது. பாதுகாத்துவிட்டோம், புழக்கத்துக்கு விடவில்லை. ஒரு பல்கலைக்கழக நூலகம் துறைக்கு ஒரு நூலாக எடுத்து, எழுத்துருவாக மாற்றி, திருத்தும் உரிமையைத் தெளிவாக வாங்கி, ஆசிரியர்களிடம் ‘இந்தாங்க, இதைப் புதுப்பியுங்க’ என்று கொடுத்தால் பூஜ்யத்திலிருந்து தொடங்கத் தேவையில்லை.

பிற மொழிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. நான் மேலே சொன்ன அதே ‘யுனிவர்சிட்டி ஃபிசிக்ஸ்’ போலந்தில் ஓர் அறக்கட்டளையின் முயற்சியில் போலிஷ் மொழியில் வந்துவிட்டது. போலிஷ் பேசுகிறவர்கள் நம்மைவிடக் குறைவு. அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை, உரிமமே அனுமதி.

நமக்கும் இது அந்நியமான பழக்கம் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து பொதுவில் வைத்தார்கள். ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் நூலகம் திட்டம் அதைச் செய்கிறது. பாரதி படைப்புகளை 1949இலேயே அரசு வாங்கி, பின்னர் பொதுவாக்கியது. அதன் தொடர்ச்சியாக இன்று எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை. இலக்கியத்தைப் பொதுவாக்கத் தெரிந்த நமக்கு இயற்பியலைப் பொதுவாக்கத் தோன்றவில்லை. இணைய இதழ் படிக்கிற நம் போன்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அரிய சிறுகதைத் தொகுப்பின் பிடிஎஃப் கிடைத்தால் கொண்டாடுகிறோம். வெப்ப இயக்கவியலைத் தமிழில் நன்றாக எழுதிய ஒரு நூலை யாராவது விமர்சித்து எழுதியிருக்கிறோமா?

*

எதிர்வாதங்கள் உண்டு. இரண்டு முக்கியமானவை.

ஒன்று, தரம். ‘யார் வேணா எழுதலாம்னா குப்பைதான் வரும்.’ வரும். லோக்கல் ஆத்தர் புத்தகத்தில் வராத குப்பையா? வித்தியாசம் என்னவென்றால் அந்தப் புத்தகத்தில் ஒரு சமன்பாடு தப்பாக இருந்தால் அடுத்த பதிப்புவரை, சில நேரம் அதற்குப் பிறகும், அது தப்பாகவே இருக்கும். தலைமுறை தலைமுறையாகத் தப்பாகவே எழுதி மார்க் வாங்குவார்கள். திறந்த நூலில் தவறைக் கண்டவர் திருத்த வழியிருக்கிறது. ஆனால் வழி இருந்தால் மட்டும் திருத்தம் நடந்துவிடாது. யார் திருத்தினார்கள், எது சரிபார்த்த பதிப்பு, எது இந்த ஆண்டுப் பாடத்துக்கு உரியது என்று கணக்கு வைக்க ஒரு நிறுவனம் வேண்டும். பதிப்புகளைக் கணக்கு வைப்பது நூலகத்தின் தொழில். தரம் பற்றிய பயம் உண்மையில் நூலகம் இதில் இறங்கவேண்டும் என்பதற்கான காரணம், ஒதுங்குவதற்கான காரணம் அல்ல.

இரண்டாவது, எழுதுகிறவரின் பிழைப்பு. இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழில் நாவல் எழுதுகிறவருக்கும் சிறு பதிப்பாளருக்கும் கிடைப்பதே கொஞ்சம். அவரிடம் போய் ‘ஓப்பனாகக் கொடு’ என்று கேட்பது அநியாயம். அவர் நூலின் திருட்டுப் பிரதியைப் பகிர்வது அதைவிட அநியாயம். ஆனால் கல்லூரிப் பாடநூல் வேறு வகை. அதை எழுதுகிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே சம்பளம் வாங்கும் ஆசிரியர், பல நேரம் பொதுப்பணத்தில். அதை வாங்குகிறவர் விருப்பத்தால் வாங்குவதில்லை, கட்டாயத்தால் வாங்குகிறார். இந்த இரண்டும் சேரும் இடத்தில் மட்டும்தான் நான் திறப்பைக் கேட்கிறேன். எழுதும் உழைப்புக்கு முன்கூட்டியே பணம் கொடுங்கள், பிறகு நூலைத் திறந்துவிடுங்கள். ஆம்ஹெர்ஸ்ட் மானியத்திலும் நம் நாட்டுடைமையிலும் இருப்பது இந்த ஏற்பாடுதான்.

சட்டத்தின் பக்கமும் ஒரு வார்த்தை. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் மூன்று பெரிய பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. பாடத் தேவைக்காகப் புத்தகப் பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்தது குற்றம் என்றன. 2016இல் டெல்லி உயர்நீதிமன்றம், கற்பித்தலுக்காக எடுக்கும் நகலுக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு என்றது. பதிப்பகங்கள் 2017இல் வழக்கைக் கைவிட்டன. அது மாணவர்களுக்குப் பெரிய வெற்றி. எங்கள் பஸ் ஸ்டாண்டு அண்ணனுக்கும் ஒருவிதத்தில் மரியாதை. ஆனால் அந்தத் தீர்ப்பு தருவது நகலெடுக்கும் பாதுகாப்பை. மொழிபெயர்த்து, திருத்தி, புதுநூலாக வெளியிடும் உரிமையை அது தரவில்லை. தமிழில் படிக்கிற பிள்ளைக்கு நகல் மட்டும் போதாது.

*

திருட்டுப் பிரதி அனுப்பிய உறுத்தலில் ஒரு வேலை செய்தோம். ஓப்பன்ஸ்டாக்ஸ் முதல் தொகுதியில் பதினைந்தாவது அத்தியாயம், அலைவுகள். அக்கா மகளும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து தமிழாக்கினோம். எனக்கு மீள்விசை, தடையுறு அலைவு, ஒத்ததிர்வு எல்லாம் மறந்தே போயிருந்தன. அவளுக்குப் பள்ளிப் புத்தகத்திலிருந்து சரளமாக வந்தன. ஊஞ்சல் உதாரணத்தை மாற்றி, கோயில் மணியை வைத்தாள். அவள் ஆசிரியை இரண்டு இடத்தில் திருத்தினார், ஓர் இடத்தில் எங்களைத் திட்டினார். நாலு மாதம் ஆனது. பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, கல்லூரி நூலகத்துக்குக் கொண்டுபோனோம்.

நூலகர் நல்ல மனிதர். புரட்டிப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். பிறகு வரவுப் பதிவேட்டை எடுத்தார். “பில் இருக்கா சார்?” இல்லை என்றேன். “விலை?” இல்லை. “விலை இல்லாம எப்படி என்ட்ரி போடறது? ஆடிட்ல கேப்பாங்களே.” சிரிக்கத் தோன்றியது, ஆனால் சிரிக்கும் விஷயமில்லை. அந்தப் பதிவேட்டில் விலை, பில் எண், சப்ளையர் பெயர் என்று பத்திகள் உண்டு. உரிமத்துக்குப் பத்தி இல்லை. ஒரு பிரதியை இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினால் அது நூலகத்தின் கண்ணுக்குத் தெரியும். சும்மா கிடைத்து எத்தனை படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடியது அதன் கண்ணுக்கே தெரியாது. நூலகங்கள் ஏன் இதற்காகப் பேசுவதில்லை என்று நான் தேடிக்கொண்டிருந்த பதிலில் பாதி அந்தப் பக்கத்திலேயே கோடு போட்டு இருந்தது.

கடைசியில் அவரே வழி கண்டார். “நன்கொடைன்னு போட்டுக்கறேன். கொடுத்தவர் பேரு?” நான் என் பெயரைச் சொல்லப் போனேன். அக்கா மகள் முந்திக்கொண்டு, “முதல்ல ஒரிஜினல் ஆத்தர் பேரு எல்லாம் எழுதணும் சார், லைசென்ஸ்ல அதான் கண்டிஷன்” என்றாள். அவர் பொறுமையாக எழுதினார். பத்தி போதவில்லை, அடுத்த வரிக்கும் போனது. பிறகு ‘தமிழில்’ என்று எழுதி நிமிர்ந்து பார்த்தார். அவள் தன் பெயரையும், அடுத்து ‘இரண்டாம் ஆண்டு இயற்பியல்’ என்பதையும் சொன்னாள்.

குடுமியான்மலைக் கல்வெட்டில் அந்த அரசன் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. ருத்ராசாரியரின் மாணவன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறான். என் அக்கா மகள் இரண்டையும் போட்டுக்கொண்டாள். போன வாரம் கூப்பிட்டபோது சொன்னாள், புத்தகம் இப்போது அலமாரியில் இல்லையாம். முதலாமாண்டுப் பிள்ளை ஒருத்தி எடுத்துப் போயிருக்கிறாள். திருப்பித் தரும்போது ஏழாம் பக்கத்தில் ஒரு தப்பு இருக்கிறது என்று பென்சிலில் குறித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாளாம்.